குட்டியோடு லிப்டில் ஏறுவதற்கு முன்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் ரிட்ரீவர் நாய் வளர்க்க நினைக்கும் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அயலவர்களுக்கு,

டிசம்பர் விடுமுறை நெருங்கினால் எங்கள் தொடர்மாடியில் ஒரு கேள்வி படியேறி வரும். "அண்ணை, லெப்ரடோர் நல்லதோ, கோல்டன் நல்லதோ? பிள்ளையளைக் கடிக்காதுதானே?" கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பேஸ்புக்கில் ஒரு குட்டியின் படத்தைப் பார்த்து ஏற்கெனவே மனதைப் பறிகொடுத்தவர்கள். சோதனையில் நல்ல பெறுபேறு எடுத்தால் வாங்கித் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருப்பார். அம்மம்மா மட்டும் "ஆர் அள்ளிக் கொட்டுறது?" என்று ஒரு மூலையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பா. பல வருடமாக ஒரு லெப்ரடோரோடு வெள்ளவத்தையில் மாடிக் குடித்தனம் நடத்துகிறவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். கொட்டாஞ்சேனை உறவினர்களும் இதையே கேட்பதால் அவர்களையும் சேர்த்தே விளிக்கிறேன்.

கடிக்குமா என்பது இரண்டாவது கேள்வி. அம்மம்மா கேட்பதுதான் முதற் கேள்விக்குக் கிட்ட வருகிறது. அதை நான் இப்படிக் கேட்பேன்: வார நாளில் காலை பத்து மணிக்கு உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள்?

இந்த நாயை எதற்காக உண்டாக்கினார்கள் என்று தெரிந்தால் கேள்வியின் கனம் விளங்கும். கோல்டன் ரிட்ரீவரின் வம்சம் ஸ்கொட்லாந்து மலைநாட்டில் தொடங்குகிறது. பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு ஆன டட்லி மார்ஜோரிபாங்ஸ், 1868இல் தன் குய்சகன் பண்ணையில் நௌஸ் என்ற மஞ்சள் நிற ரிட்ரீவரையும் பெல் என்ற நீர் ஸ்பானியலையும் இணைத்தார். இன்றைய கோல்டன்கள் அந்தக் குட்டிகளின் வழி வந்தவை. லெப்ரடோரின் முன்னோர் நியூபவுண்ட்லாந்துத் தீவு மீனவர்களோடு வள்ளத்தில் போன நாய்கள். குளிர்ந்த கடலில் குதித்து, கயிற்றையும் தப்பிய மீனையும் கவ்வி வந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீன் கப்பல்களில் இங்கிலாந்துக்குப் போய், பிரபுக்களின் கையில் வேட்டை நாயாயின. பிரித்தானிய கெனல் கிளப் லெப்ரடோரை 1903இலும் கோல்டனை 1913இலும் தனி இனங்களாக ஏற்றுக்கொண்டது.

வேட்டையில் அவற்றின் வேலை கொல்வதல்ல. வேட்டைக்காரனின் காலடியில் மணிக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்க வேண்டும். சுடப்பட்ட தாரா தண்ணீரில் விழுந்ததும் நீந்திப் போய், பல் பதியாமல் கவ்வி வந்து, கையில் கொடுக்க வேண்டும். பக்கத்தில் வேறு மனிதர்களும் வேறு நாய்களும் நிற்பார்கள். அவர்களோடு சண்டை பிடிக்கக்கூடாது. இந்த வேலைக்கு ஒத்துவந்த நாய்களையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்தார்கள். இன்று உங்கள் மண்டபத்தில் படுத்திருக்கும் நாயின் குணம் முழுவதும் அதிலிருந்து வந்ததுதான். மனிதரை விட்டு விலகாது. கண்டதையெல்லாம் வாயில் தூக்கும். தண்ணீரைக் கண்டால் நிற்காது. அந்நியரைச் சந்தேகிக்காது. காவலுக்கு என்று வாங்கினால் ஏமாந்து போவீர்கள். கள்ளனுக்கும் செருப்பை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுக்கும்.

ஊரில் நாங்கள் நாய் வளர்த்த முறை வேறு. வேலி, வளவு, கிணற்றடி, மிஞ்சின சோறு. வைரவரின் வாகனம் என்று கையெடுத்துக் கும்பிடுவோம். ஆனால் விறாந்தைக்கு மேலே ஏற விடமாட்டோம். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்த நாய்க்கு ஓட ஒழுங்கை இருந்தது, கூட்டாளி நாய்கள் இருந்தன, போகிற வருகிறவர்களைப் பார்த்துக் குலைக்கும் உத்தியோகமும் இருந்தது. நாங்கள் கவனிக்காத நேரத்திலும் அதற்குப் பொழுது போனது. கொழும்புக்கு இடம்பெயர்ந்தபோது நாய் பற்றிய எண்ணத்தை மட்டும் கூட்டி வந்துவிட்டோம், வளவு வரவில்லை. இரண்டு அறை, ஒரு மண்டபம், துணி காயப்போடும் பல்கனி. இதற்குள் முப்பது கிலோ நாய். வளவு செய்த வேலையை இங்கே மனிதர்தான் செய்ய வேண்டும்.

இப்போது பத்து மணிக்கு வருவோம். அப்பா ஏழு மணிக்கே பம்பலப்பிட்டிச் சந்தி நெரிசலில் நிற்பார். அம்மா வேலைக்கு. பிள்ளைகள் பள்ளிக்கூடம், அதன்பின் டியூஷன். நாய் ஏழிலிருந்து ஐந்து வரை தனியே. முதல் வாரம் ஊளையிடும். இரண்டாவது மாதம் சோபாவின் மூலையைக் கிழிக்கும். பிறகு சத்தம் குறைந்துவிடும். "பழகிட்டுது" என்று சந்தோஷப்படுவீர்கள். அப்போது முன்னங்காலை எடுத்துப் பாருங்கள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒரே இடத்தை நக்கி நக்கி மயிர் கொட்டி, தோல் தடித்து, ஒரு ரூபாய்க் குற்றியளவு ஈரமான சிவந்த வட்டம் இருக்கும். ஒவ்வாமையாலும் மூட்டு நோவாலும் இது வரலாம். ஆனால் நாள் முழுக்கத் தனியே பூட்டிக் கிடக்கும் நாயில் சலிப்பும் ஏக்கமும் பெரிய காரணம். மருந்து பூசினால் காயும். அடுத்த வாரம் திரும்ப வரும். தோலுக்கு மருந்து உண்டு, தனிமைக்கு இல்லை.

வளர்ந்த ரிட்ரீவரை நாலு மணித்தியாலம் தனியே விடலாம். குட்டியை அவ்வளவு நேரமும் விட முடியாது; இரண்டு மணிக்கொரு தடவை சலத்துக்குக் கொண்டுபோக வேண்டும், நாலாம் மாடியென்றால் லிப்டில். ஆகவே வீட்டில் ஒரு பெரியவராவது இருக்க வேண்டும், அல்லது நண்பகலில் வந்து பார்க்க நம்பிக்கையான ஆள் வேண்டும். அம்மம்மா இருக்கிறா என்று கணக்குப் போடுகிறவர்கள் முதலில் அவவிடம் கேளுங்கள். எழுபது வயதுக் கைக்கு இழுக்கும் லெப்ரடோரைப் பிடிக்க ஏலாது. விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் அது நாயின் பிழையல்ல.

அடுத்தது வெக்கை. குளிர்நாட்டு நாய், இரட்டை மயிர்ப் போர்வை. நாய்க்கு எங்களைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்து, வாயின் ஈரம் ஆவியாவதால்தான் உடம்பைக் குளிர்த்துகிறது. கொழும்புக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அந்த ஆவியாதல் மந்தம். அதனால்தான் வெயில் இல்லாத மப்பு நாளிலும் இந்த நாய்கள் களைத்துப் போகின்றன. நடத்துவதென்றால் காலை ஐந்தரைக்குப் போய் ஆறரைக்கு முன் திரும்ப வேண்டும். மாலையில் சூரியன் விழுந்த பிறகு. தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஐந்து விநாடி பொறுக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது.

முரசு கடும் சிவப்பாகி, எச்சில் தடித்து, கால் தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிறுங்கள். முதலில் குளிரப் பண்ணி, பிறகு மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். ஓட்டோவைத் தேடும் பத்து நிமிடத்தில் உயிர் போகலாம். "வெக்கையாக்கும்" என்று கோல்டனின் மயிரை ஒட்ட வழித்துவிடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். செய்யாதீர்கள். அந்த மயிர் வெயிலிலிருந்தும் காக்கிறது. உதிரும் அடிமயிரைக் கிழமைக்கு மூன்று தரம் சீவி எடுத்தால் போதும்.

வெள்ளவத்தைக்காரருக்கு மரைன் டிரைவ் இருக்கிறது. ஆனால் வீதிக்கும் கடலுக்கும் நடுவே ரயில் தண்டவாளம் ஓடுகிறது. தண்ணீரைக் கண்ட ரிட்ரீவர் ரயிலைப் பார்க்காது. நாய் எவ்வளவு சொல்வழி கேட்டாலும் அங்கே சங்கிலியைக் கழற்ற வேண்டாம். கடலில் குளித்தால் நல்ல தண்ணீரில் கழுவி, காதை உள்ளுக்குத் துடைத்து உலர்த்துங்கள். தொங்கும் காதுக்குள் ஈரம் தேங்கினால் இரண்டே நாளில் மணக்கும். தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சொறிந்தபடி நிற்கும். கால்வாய்ப் பக்கம் இறங்க விடவே வேண்டாம். எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிலிருந்து மனிதருக்கும் வரும். கொட்டாஞ்சேனையில் நிலைமை இன்னும் இறுக்கம். ஜம்பட்டா வீதியிலும் ஜோர்ஜ் ஆர். டி சில்வா மாவத்தையிலும் வாகனங்களுக்கு நடுவே நாய் நடத்துவது ஒரு சாகசம். விடிவதற்கு முன் ஒழுங்கைகளுக்குள் நடத்தி, ஞாயிறுகளில் மட்டக்குளி காக்கைத்தீவுப் பக்கம் கூட்டிப் போகிறவர்கள் உண்டு. அதைவிட்டால் வழி குறைவு என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

நடை மட்டும் போதாது. இந்த நாய்க்கு மூக்குக்கும் வாய்க்கும் வேலை வேண்டும். இதற்குச் செலவே இல்லை. பழைய சாரத்தை முடிச்சுப் போட்டு அலுமாரிக்குப் பின்னே ஒளித்து "தேடு" என்று சொல்லுங்கள். தரையில் கால்மிதி ஒன்றை விரித்து அதற்குள் சாப்பாட்டைத் தூவி மூக்கால் பொறுக்க விடுங்கள். கால் மணித்தியாலத் தேடுதலில் ஒரு ரவுண்டு ஓட்டத்தின் களைப்பு வந்துவிடும். 2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதல்களுக்குப் பிறகு கொழும்பின் தேவாலய வாசல்களில் மோப்ப நாய்களைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். நமக்கு அந்த நாய்களைக் கண்டால் வேறு ஞாபகங்களும் வரும். ஆனால் நாய்க்கு அது சோதனைச் சாவடி அல்ல, விளையாட்டு. அந்த விளையாட்டு கிடைக்காத நாய்தான் சோபாவைக் கிழிக்கிறது.

சாப்பாடு பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் எங்கள் வீடுகளில் அன்பு என்றால் சாப்பாடு. லெப்ரடோர் எப்போதும் பட்டினி கிடந்ததுபோல் பார்க்கும். அது வெறும் நடிப்பல்ல. 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லெப்ரடோர்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றிடம், பசி அடங்கியதை மூளைக்கு உணர்த்துவதில் பங்குள்ள ஒரு மரபணுவில் சிறு துண்டு விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். அந்த நாய்க்கு வயிறு நிறைந்தது தெரியாது. நீங்கள்தான் நிறுத்த வேண்டும். 2002இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு 48 லெப்ரடோர்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை பின்தொடர்ந்தது. சோடி சோடியாக எடுத்து, ஒன்றுக்குக் கொடுத்ததில் நாலில் ஒரு பங்கைக் குறைத்து மற்றதற்குக் கொடுத்தார்கள். குறைத்துச் சாப்பிட்டவை நடுக்கணக்கில் ஏறத்தாழ இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோயும் பிந்தியே வந்தது. எந்த மருந்துக் கடையிலும் இரண்டு வருட ஆயுள் விற்பதில்லை.

தீனிப் பக்கற்றைப் பார்த்துத் தீர்மானிக்காமல் நாயைத் தடவிப் பாருங்கள். விலாவில் உள்ளங்கையை வைத்தால் அழுத்தாமலே எலும்புகள் தெரிய வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கி இருக்க வேண்டும். வெள்ளவத்தையில் நான் காணும் லெப்ரடோர்களில் பல மேலிருந்து பார்த்தால் தலையணைபோல் இருக்கின்றன. காரணம் பின்னேரத் தேத்தண்ணி நேரத்தில் ஆளுக்கொரு துண்டாகப் போடும் பாணும் மாலு பணிஸும் ரோல்ஸும். ஒருவர் மட்டும் தீன் போடுவது என்று வீட்டில் சட்டம் வையுங்கள்.

பக்கற் தீனிதான் வேண்டும் என்றில்லை. 2022இல் இறக்குமதித் தீனியின் விலை எகிறியபோது பலர் வீட்டுச் சமையலுக்கு மாறினார்கள், நாய்கள் சாகவில்லை. சோறு, உப்பில்லாமல் அவித்த கோழி அல்லது முள்ளெடுத்த மீன், பூசணி, கரட். ஆனால் வெறும் சோறும் குழம்பும் சாப்பாடாகாது. வளரும் குட்டிக்கு எலும்புச் சத்து அளவோடு வேண்டும். அந்த அளவை மிருக வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். சமைத்த கோழி எலும்பு குடலைக் குத்தும். வெங்காயம், சொக்லேற் கூடாது. முந்திரிகை வற்றல், நாங்கள் பிளம்ஸ் என்று சொல்வது, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியது. இதை ஏன் பிரித்துச் சொல்கிறேன் என்றால் தைப்பொங்கலன்று வெள்ளவத்தையில் சர்க்கரைப் பொங்கலிலும், நத்தாருக்குக் கொட்டாஞ்சேனையில் கேக்கிலும் இருப்பது அதுதான். "நல்ல நாளில அதுக்கும் கொஞ்சம்" என்று வைக்கிறவர்கள் அன்பால்தான் வைக்கிறார்கள்.

கடிக்குமா என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். பல்லுள்ள எந்த நாயும் கடிக்கக் கூடியது. ரிட்ரீவர் மற்ற நாய்களைவிடப் பொறுமை கூடியது. அந்தப் பொறுமையே ஆபத்து. பிள்ளை காதைப் பிடித்து இழுக்கும், முதுகில் ஏறும், நாய் பேசாமல் இருக்கும். நாங்கள் சிரித்துக்கொண்டு போனில் படம் எடுப்போம். அந்தப் படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். நாய் முகத்தை மறுபக்கம் திருப்பியிருக்கும், கண்ணின் வெள்ளை பிறைபோல் தெரியும், நாக்கு உதட்டை நக்கியிருக்கும். நித்திரை வராத நேரத்தில் கொட்டாவியும் விடும். "போதும்" என்று அது சொல்லும் முறை அதுதான். பலமுறை சொல்லியும் கேட்காவிட்டால் உறுமும். உறுமியதற்கு அடித்தீர்களானால் அடுத்த முறை உறுமாது, நேரே கடிக்கும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை எந்த நாயோடும் தனியே விடாதீர்கள், அது எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும். சாப்பிடும்போதும் நித்திரையிலும் தொடக்கூடாது என்று பிள்ளைக்குப் பழக்குங்கள்.

குட்டிக் காலத்துக் கடி வேறு விஷயம். மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் பால்பல் விழும். ஊசிப் பல்லால் கையையும் பாவாடைக் கரையையும் பிடித்து இழுக்கும். அடிக்கத் தேவையில்லை. கடித்தவுடன் விளையாட்டை நிறுத்தி எழும்பிப் போங்கள். வாய்க்குக் குளிர்ந்த கரட் ஒன்று கொடுங்கள். வாயில் தூக்குவது அதன் பிறவிக்குணம் என்பதால், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சொக்ஸ் நிலத்தில் கிடக்கக்கூடாது. விழுங்கிய சொக்ஸ் குடலை அடைத்தால் சத்திரசிகிச்சை வரை போகும்.

உண்ணிக்குப் பயப்படுங்கள். எங்கள் காலநிலையில் அதற்கு ஓய்வுகாலம் இல்லை. தினமும் நடத்தித் திரும்பியதும் ஐந்து நிமிடம் செலவழியுங்கள்: காது மடலுக்குள், கழுத்துப் பட்டிக்குக் கீழ், கால்விரல் இடுக்கு, வாலடி. கறுப்பு எள்ளளவில் இருப்பது இரத்தம் குடித்தபின் அவரைக்கொட்டையளவு ஆகும். அது காவிவரும் பபேசியா, எர்லிக்கியாக் கிருமிகளால் வரும் உண்ணிக் காய்ச்சல் இங்கே சாதாரணம். முரசு வெளிறும், சிறுநீர் கடும் நிறமாகும். தீனியைக் கண்டு ஓடிவராத லெப்ரடோர் என்றால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். கிழமைக்கணக்கில் பாதுகாக்கும் மாத்திரைகளும் சொட்டு மருந்துகளும் உண்டு. வைத்தியரைக் கேட்டுக் கொடுங்கள். மூட்டு இந்த இனங்களின் பரம்பரைப் பலவீனம். வழுக்கும் டைல்ஸில் ஓடி வளரும் குட்டியின் இடுப்பு இன்னும் கெடும். நடமாடும் வழியில் கயிற்றுப் பாயோ றப்பர் விரிப்போ போடுங்கள். 2022 மார்ச் முடிவில் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது ஞாபகமா? லிப்ட் நின்ற அன்று இடுப்பு நோயுள்ள நாயை ஆறாம் மாடிக்கு எப்படி ஏற்றுவீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

விசர்நோய்த் தடுப்பூசி விருப்பத்துக்கு விட்ட விஷயமல்ல. விசர்நோய்க் கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் இருக்கிறது. நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901ஆம் ஆண்டுக்குரியது. மேல்மாடியில் இருக்கும் நாய்க்கு எதற்கு ஊசி என்று கேட்காதீர்கள். தெருநாயோடு ஒரு நிமிட உரசல் போதும். இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடக்கின்றன. ஊசி அட்டையைப் பிள்ளையின் பிறப்பு அத்தாட்சியோடு சேர்த்து வையுங்கள். நாய் எதுவாக இருந்தாலும், கடித்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள் பூசிக்கொண்டு இருக்க வேண்டாம்.

பட்டாசு எங்கள் நகரத்தில் ஆண்டு முழுவதும். சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, ஆடிவேல், டிசம்பர் 31 நள்ளிரவு, கிரிக்கெட்டில் வென்றால் அன்றும். அந்த நேரங்களில் உள்ளறையில் யன்னலைச் சாத்தி, விசிறியைக் கூட்டிவைத்து, பக்கத்தில் ஒருவர் இருங்கள். கதவைத் திறந்து வைக்காதீர்கள். பட்டியில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும்.

இனி அயலட்டை. எங்கள் மாடிகளில் சைவர், முஸ்லிம்கள், கத்தோலிக்கர், சிங்களக் குடும்பங்கள் எல்லோரும் ஒரே லிப்டில்தான் ஏறுகிறோம். தொழுகைக்குப் போகிறவரின் உடுப்பில் நாயின் எச்சில் பட்டால் அவர் திரும்ப மாற்ற வேண்டும். தோய்ந்து கோயிலுக்குப் போகிற அம்மாவுக்கும் அப்படித்தான். நாய்க்குப் பயந்த பிள்ளைகள் உண்டு. "ஒண்டும் செய்யாது" என்று சொல்வதால் அந்தப் பயம் போகாது. சங்கிலியை ஒரு முழமாகச் சுருக்கிப் பிடித்து, லிப்டில் ஆள் இருந்தால் அடுத்ததற்குக் காத்திருங்கள். மரைன் டிரைவில் நாய் வெளிக்கு இருந்தால் பையை எடுத்து அள்ளுங்கள். காலையில் அங்கே நடக்கிறவர்களில் பாதிப் பேர் உங்கள் கட்டடத்தவர்கள். வாங்கும் முன்பே வீட்டுக்காரரிடமும் முகாமைத்துவக் குழுவிடமும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். வாயால் கிடைத்த சம்மதம் முதல் முறைப்பாட்டோடு போய்விடும்.

இவ்வளவும் சரி என்றால், குட்டியைத் தாயோடு சேர்த்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். வீதியோரத்தில் காரின் டிக்கியைத் திறந்து காட்டுகிறவரிடம் வேண்டவே வேண்டாம். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டி பிறகு கடியைக் கட்டுப்படுத்தப் படிக்காது. இலங்கை கெனல் சங்கத்தின் பத்திரம் வம்சத்தைச் சொல்லும், இடுப்பைச் சொல்லாது. தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதிர்ஷ்டம். பெட்டையை வாங்கிக் குட்டி போட வைத்து வாங்கின காசை எடுக்கலாம் என்ற கணக்கு உங்கள் மனதில் இருந்தால் தயவுசெய்து கைவிடுங்கள். தொடர்மாடி அதற்கான இடமல்ல.

குட்டிதான் வேண்டும் என்றும் இல்லை. வெளிநாடு போகிறவர்கள் விட்டுப்போகும் மூன்று, நாலு வயது நாய்கள் எந்நேரமும் வீடு தேடிக்கொண்டிருக்கின்றன. முதன்முறை வளர்க்கிறவருக்கு அது எவ்வளவோ சுகம். எம்பார்க் போன்ற அமைப்புகளிடம் ஊர்க்குட்டிகளும் இருக்கின்றன. குறுமயிர், இந்த வெக்கைக்கென்றே பிறந்தவை. நடையும் மனிதரும் அவற்றுக்கும் வேண்டும்தான்.

கடைசி விஷயம் எங்கள் சமூகத்துக்கே உரியது. வெள்ளவத்தையில் எத்தனையோ குடும்பங்கள் கனடாவுக்கோ லண்டனுக்கோ போக அழைப்பு வரும்வரை குடியிருக்கின்றன. ரிட்ரீவர் பத்து, பன்னிரண்டு வருடம் வாழும். விசா மூன்று வருடத்தில் வந்தால் நாய் எங்கே போகும்? லண்டனுக்குக் கொண்டுபோவதென்றால் மைக்ரோசிப், விசர் ஊசி, இரத்தப் பரிசோதனை, அதன்பின் மாதக்கணக்கில் காத்திருப்பு, விமானச் செலவு. பெரும்பாலானோர் செய்வதில்லை. தெரிந்தவரிடம் கொடுத்தோம் என்பார்கள். அந்தத் தெரிந்தவர் இன்னொருவரிடம் கொடுப்பார். சட்டம் உங்களைத் தடுக்கும் என்று நினைக்காதீர்கள். 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் விதித்த உச்சத் தண்டம் நூறு ரூபாய். அதற்குப் பதிலாக 2006இல் சட்ட ஆணைக்குழு வரைந்த மிருக நலச் சட்டமூலம் வருடக்கணக்கில் இழுபட்டது. மனிதரை விட்டு விலகாமல் இருப்பதற்கென்றே உண்டாக்கிய இனத்தை ஆறு வயதில் கைமாற்றுவது மற்ற நாய்களைக் கைமாற்றுவதைவிடக் கொடுமை. வெளிநாட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறவர்கள் ரிட்ரீவர் வாங்க வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. வீடு ஏழிலிருந்து ஐந்து வரை பூட்டிக் கிடக்கிறவர்களுக்கும் அதுவேதான்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முற்பணம் கட்டுவதற்கு முன் ஒரு கிழமை, நாய் இல்லாமலே, காலை ஐந்தரைக்கு எழும்பி முக்கால் மணித்தியாலம் நடவுங்கள். மழை பெய்தாலும் போங்கள். மாலையில் வேலையால் வந்ததும் உட்காராமல் இன்னொரு தடவை போங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். ஏழு நாளும் முடிந்தால் குட்டியைத் தேடத் தொடங்குங்கள். என்னால் ஆன உதவி செய்வேன். மூன்றாம் நாளே அலாரத்தை நிறுத்திவிட்டுப் படுத்தால், பிள்ளைக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

அன்புடன்,
வெள்ளவத்தை அயலவன் ஒருவன்